செயப்பாட்டு வினையில் ஒரு பாங்கு

1

நம்முடைய சிறுபத்திரிகைகளில் கவிதையின் ஒரு வரிக்காக நாலு இதழ் வரைக்கும் சண்டை நீண்டதுண்டு. ஒரு சொல் அந்த இடத்தில் நிற்கலாமா கூடாதா, ஒரு படிமம் அனுபவத்திலிருந்து வந்ததா அல்லது படிப்பிலிருந்து வந்ததா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அது தேவையான சண்டைதான். அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்து மனுஷன் ஒருவனுடைய நிலம், நகை, லாரி, தறி, சேமிப்பு இவற்றின் கதியைத் தீர்மானிக்கிற வசனம் ஒன்று இருக்கிறது. பாங்கு அறிக்கை, பட்ஜெட் உரை, தினசரியின் வர்த்தகப் பக்கம் இவையெல்லாம் சேர்ந்த வசனம். இதை வசனம் என்ற முறையில், அதாவது எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, சொல் யாருக்காக வேலை செய்கிறது என்ற முறையில், நம்மில் யாரும் படித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அது பொருளாதாரக்காரர்கள் பாடு என்று விட்டுவிட்டோம். பொருளாதாரக்காரர்களோ தொகையைப் பார்க்கிறார்கள், வாக்கியத்தைப் பார்ப்பதில்லை. ஆக, இந்த நாட்டில் அதிகம் பேர் வாழ்க்கையைத் தொடுகிற வசனத்துக்கு விமர்சகனே இல்லை.

இந்த வசனம் பொய் சொல்கிறது என்பதல்ல என் புகார். அதில் வரும் தொகைகளும் தேதிகளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. காரியம் நடப்பது வாக்கிய அமைப்பில். ஒரு நெருக்கடி வருகிறது, பெரிய பாங்குகள் அதிலிருந்து இன்னும் பெரியனவாக வெளியே வருகின்றன, சின்னது காணாமல் போகிறது, சர்க்கார் கொள்கை என்று ஒன்றை அறிவிக்கிறது, சந்தை மூச்சு விடுகிறது. இத்தனையும் நடந்து முடிந்த பிறகு, இதையெல்லாம் செய்தது யார் என்று அந்த வசனத்தைப் படித்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு சிறுகதை இப்படி எழுதப்பட்டிருந்தால் நாம் கிழித்துப் போட்டிருப்போம்.

2

கைக்கு எட்டுகிற உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். லக்ஷ்மி விலாஸ் பாங்கு 1926ல் கரூரில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தது. கரூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருப்பது காவிரியும் பரமத்தி வேலூர்ப் பாலமும்தான். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது அயலூர் பாங்கு அல்ல. சுற்றுவட்டாரத்து வியாபாரிக்கும் விவசாயிக்கும் கடன் தருவதற்காக, உள்ளூர்ப் பணத்தில், உள்ளூர் மனுஷர்கள் நடத்திய ஸ்தாபனம். தொண்ணூற்று நாலு வருஷம் இருந்தது.

கடைசிப் பத்து வருஷங்களில் அது தன் பழைய வாடிக்கையைத் தாண்டிப் பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் போயிற்று. 2019 செப்டம்பரில் ரிஸர்வ் பாங்கு அதைக் கண்டிப்பான மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தது. அதே வருஷம் அக்டோபரில், இந்தியாபுல்ஸ் ஹவுஸிங் பைனான்ஸ் கம்பெனியோடு சேர்வதற்கு அது கேட்ட அனுமதியை ரிஸர்வ் பாங்கு மறுத்தது. 2020 மார்ச்சில் அது கொடுத்திருந்த கடனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு திரும்பி வராத கடனாக இருந்தது. செப்டம்பரில் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகத் தலைவரையும் டைரக்டர்கள் பலரையும் வெளியே அனுப்பினார்கள். நவம்பர் 17ந் தேதி மாரட்டோரியம்: ஒருவர் எடுக்கக்கூடிய உச்சத் தொகை 25,000 ரூபாய். பத்தே நாளில், நவம்பர் 27ந் தேதி, சிங்கப்பூரைத் தாயகமாகக் கொண்ட டிபிஎஸ் பாங்கின் இந்தியக் கிளை நிறுவனத்துக்குள் அது மறைந்தது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் கொண்டுவந்தது. சுமார் 20 லட்சம் டெபாஸிட்தாரர்களின் 20,000 கோடி காப்பாற்றப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. 318 கோடி ரூபாய்க்கான கடன் பத்திரங்களும் பூஜ்யமாயின.

இந்த விஷயம் தமிழ்த் தினசரிகளுக்கு எந்த மாதிரி வாக்கியங்களில் வந்து சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மாரட்டோரியம் விதிக்கப்பட்டது. பணம் எடுக்கக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. இணைப்புக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. பங்கு மூலதனம் நீக்கம் செய்யப்பட்டது. எல்லாம் 'பட்டது, பட்டது' என்று போகிறது. ஒன்றிலும் கர்த்தா இல்லை. நான்கூட மேலே 'காப்பாற்றப்பட்டது' என்று எழுதியிருப்பதை வாசகன் கவனித்திருப்பான். அந்த இடத்தில் வேண்டுமென்றே எழுதினேன். கர்த்தாவைப் போட்டால் வாக்கியம் எப்படி மாறும் என்று பாருங்கள்: பங்குதாரர்களின் பணத்தைக் கொண்டு, ரிஸர்வ் பாங்கின் திட்டப்படி, மத்திய மந்திரி சபையின் ஒப்புதலோடு, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் முதன்மைப் பங்குதாரராக உள்ள ஒரு பாங்கு, கரூர் பாங்கின் டெபாஸிட்டுகளையும் கிளைகளையும் எடுத்துக்கொண்டது. இதில் நான் புதுத் தகவல் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் இந்த வாக்கியத்தைப் படிக்கிறவனுக்குக் கேள்விகள் பிறக்கும். உதாரணமாக: பொதுத்துறை பாங்குகளை அந்நியருக்கும் தனியாருக்கும் தருவது பற்றி இவ்வளவு விவாதம் நடக்கும் தேசத்தில், இன்னொரு தேசத்தின் அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் பாங்குக்கு நம் ஊர் பாங்கு போகலாம் என்பது எந்த விவாதத்தில் முடிவாயிற்று? 'இணைக்கப்பட்டது' என்ற வினை இந்தக் கேள்வியைப் பிறக்காமலே செய்கிறது.

அதே 2020ல் மார்ச் மாதம் எஸ் பாங்கு விழுந்தது. 2004ல் பம்பாயில் தோன்றிய பாங்கு அது. வயதில் கரூர் பாங்கின் பேத்தி. அங்கே உச்சத் தொகை 50,000 ரூபாய். அதைத் தூக்கி நிறுத்த ஸ்டேட் பாங்கும் பெரிய தனியார் பாங்குகளும் பணம் போட்டன. பழைய பங்குதாரரின் பங்கு பூஜ்யமாகவில்லை. முக்கால் பங்கை மூன்று வருஷம் விற்கக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள், அவ்வளவே. அங்கேயும் 8,400 கோடிக்கு மேல் கடன் பத்திரம் அழிந்தது என்பதை மறக்கவில்லை. கரூர் பாங்கின் மூலதனம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டிருந்தது, ஆகவே பங்குக்கு மதிப்பில்லை என்ற கணக்கும் தப்பல்ல. கேள்வி வேறு. ஒன்றுக்கு ஊர் கூடித் தேர் இழுத்தது. இன்னொன்றுக்குப் பத்து நாளில் பாடை கட்டியது. இந்த வித்தியாசத்தை யார் தீர்மானித்தார்கள் என்பது கணக்குக் கேள்வி அல்ல. வாக்கியத்தில் கர்த்தா இருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

ஒரு சொல்லின் சரித்திரத்தையும் இங்கே குறித்துவிட வேண்டும். 2020 மார்ச் கடைசியில் கொள்ளைநோய்க்காக ரிஸர்வ் பாங்கு கடன்காரர்களுக்கு முதலில் மூன்று மாதமும் பிறகு ஆகஸ்ட் வரைக்கும் தவணை தள்ளிவைத்தது. மாரட்டோரியம் என்ற சொல்லை நாமக்கல் லாரிக்காரரும் சேலம் தறிக்காரரும் அப்போதுதான் நாவில் ஏற்றிக்கொண்டார்கள். இப்போது கட்டவேண்டாம் என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்கள். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது என்று பிறகு புரிந்தது. நவம்பரில் அதே சொல் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதற்கு அர்த்தம், பாங்கு உனக்குக் கட்டவேண்டாம் என்பது. எட்டு மாதத்தில் ஒரு சொல் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது. கவிதையில் இப்படி நடந்தால் முரண் என்று குறிப்பெழுதுகிறவர்கள் இதைப் பார்க்கவில்லை.

3

நெருக்கடிக்குப் பிறகு சின்ன பாங்கு மறைவதும் பெரிய பாங்கு வளர்வதும் 2020ன் புதுமை அல்ல. இந்தப் பிரதேசத்தில் இது ஒரு நூற்றாண்டுக் கதை.

1906 அக்டோபர் 22ந் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரக் கம்பெனி, ஆகவே பத்திரம் என்று நம்பி உத்தியோகஸ்தரும் விதவைகளும் சிறு மிராசுதாரும் போட்டிருந்த பணம் போயிற்று. ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்த இடிபாட்டிலிருந்து வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானவர்களின் முயற்சியில் 1907ல் இந்தியன் பாங்கு பிறந்தது. நம்முடைய பணம் நம்முடைய கையில் என்பது அதன் தத்துவம். சரி. அடுத்து, 1925ல் சேலத்தில் சேலம் பாங்கு என்று ஒன்று தோன்றுகிறது. 1960ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கு விழுகிறது. உடனே ரிஸர்வ் பாங்குக்குச் சின்ன பாங்குகளைக் கட்டாயமாகப் பெரியவற்றோடு சேர்க்கும் அதிகாரம் வருகிறது. 1962ல் டெபாஸிட் இன்ஷூரன்ஸ் வருகிறது. அந்தக் காப்பு முதலில் ஆளுக்கு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாயிற்று. 1951ல் தேசத்தில் 566 வணிக பாங்குகள்; 1960களின் முடிவில் நூறுகூட இல்லை. சேலம் பாங்கு அந்த அலையில் மறைந்தது. அதை எடுத்துக்கொண்டது இந்தியன் பாங்கு. நம் பணம் நம் கையில் என்று ஒரு வீழ்ச்சியிலிருந்து பிறந்தது, இன்னொரு வீழ்ச்சியின்போது அதே தத்துவத்தில் பிறந்த சின்னதொன்றை எடுத்துக்கொண்டது. 1969ல் இந்தியன் பாங்கைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் அது அலகாபாத் பாங்கை எடுத்துக்கொண்டது.

இதில் சில தவிர்க்க முடியாதவை. சின்ன பாங்கு விழுந்தால் அதில் பணம் போட்டவன் தெருவுக்கு வருகிறான் என்பது 1960க்கு முன் திரும்பத் திரும்ப நடந்தது. டெபாஸிட் காப்பு வந்தது நல்லதே. ஆனால் பாங்கு என்ன ஊரில் பிறந்தது, அந்த ஊரில் யாரிடம் வாங்கி யாருக்குத் தந்தது என்ற ஞாபகமும் சேர்த்து அழிந்துபோயிற்று. பாதுகாப்புக்கு நாம் கொடுத்த விலை அது. விலை கொடுத்தோம் என்பதையாவது யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு நெருக்கடி, இதற்கெல்லாம் மாறான பாஷையில் நடந்தது. 1929க்குப் பிறகு உலகச் சந்தை விழுந்தபோது நெல்லும் கடலையும் பருத்தியும் பாதி விலைக்கு வந்தன. கடனும் கிஸ்தியும் பழைய அளவிலேயே நின்றன. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணய முறையை விட்டதும் ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. கிராமத்துப் பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்தது பம்பாய்த் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயிற்று. ஜனங்கள் லாபத்துக்கு விற்கிறார்கள் என்றது அன்றைய சர்க்கார். கஷ்டத்துக்கு விற்கிறார்கள் என்றார்கள் தேசியவாதிகள். அந்தச் சண்டை ஒரு சொல்லைப் பற்றிய சண்டை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1937ல் பிரதமரான ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், அந்த ஊர் நகரசபைத் தலைவராக இருந்தவர், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925லிருந்து ஆசிரமம் நடத்தியவர். 1938ல் அவர் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அதிர்ச்சி தரும் அளவுக்கு நேரடியானது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டி முழுவதும் தீர்ந்தது. அசலைப்போல இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அசலும் தீர்ந்தது. தீர்த்தவர் யார் என்பதில் சந்தேகம் இல்லை. கடன் கொடுத்தவர்கள் அவரைப் பேர் சொல்லித் திட்டினார்கள். அவர் பேர் சொல்லி வாதாடினார். மதுவிலக்கை முதலில் சேலம் ஜில்லாவில் கொண்டுவந்து, அதனால் போன வருமானத்துக்கு 1939ல் விற்பனை வரி போட்டதும் அப்படியே. இது எனக்கு வேண்டும், அதற்கு இது விலை, நான் வசூலிக்கிறேன் என்ற மூன்று வாக்கியம்.

இதைச் சொல்வதால் அந்தச் சட்டத்தை நான் கொண்டாடுவதாக அர்த்தமில்லை. அதில் 'விவசாயி' என்ற சொல்லுக்கு நிலத்தில் விற்கக்கூடிய உரிமை உள்ளவன் என்று அர்த்தம். நிலமில்லாத கூலி அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. நிலமில்லாத நெசவாளியும் வரவில்லை. சேலம் நெசவாளிகளின் ஊர். எழுவாயைத் தைரியமாகப் போட்டவர்களும் செயப்படுபொருளைச் சுருக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் குறையை நாம் இன்று கண்டுபிடிக்க முடிகிறதற்குக் காரணம் சட்டம் தெளிவாகப் பேசியதுதான். தெளிவாகப் பேசியவனோடு சண்டை போடலாம்.

4

இன்றைய வசனத்தின் மூன்று சொற்களைப் பார்க்கலாம்.

முதலாவது வாராக்கடன். 2008ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு, இங்கே வளர்ச்சி நின்றுவிடக்கூடாது என்று மின்சாரம், இரும்பு, சாலை என்று பெரிய கம்பெனிகளுக்குப் பொதுத்துறை பாங்குகள் கடனை அள்ளிக் கொடுத்தன. 2015ல் ரிஸர்வ் பாங்கு கணக்குகளைத் திறந்து பார்க்கச் சொன்னது. 2018ல் மொத்தக் கடனில் சுமார் 11 விழுக்காடு வாராக்கடன். இது எதிர்மறைப் பெயரெச்சம். வருதல் என்ற வினையைச் செய்யாதது கடன். ஏதோ மேயப்போன மாடு பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை என்கிற மாதிரி. வாங்கினவன் இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் இல்லை, கொடு என்று டில்லியிலிருந்து சொன்னவன் இல்லை. கடன் தானே வராமல் இருந்துவிட்டது.

இந்தச் சமவெளியின் பேச்சுத் தமிழில் இதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. அடகு வைத்த நகை கைவிட்டுப் போனால் 'முழுகிப்போச்சு' என்பார்கள். யாரிடம் முழுகியது, எத்தனை வட்டியில் முழுகியது என்ற கேள்வி உடனே வரும். திவாலானவன் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்'. அவன் கொடுத்தான், கடுதாசி தானே போகவில்லை. லாரிக்கு டியூ நின்றால் பைனான்ஸ்காரன் 'சீஸ் பண்ணிட்டான்'. 2018 செப்டம்பரில் பம்பாயில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் கடன் கட்டாமல் விழுந்து, பாங்கல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் வரும் வழி அடைந்தது. அந்த நிறுவனங்களை நம்பித்தான் இந்தியா முழுவதும் லாரி ஓடுகிறது. அந்தச் சங்கிலியின் பம்பாய் முனையில் பேர் 'பணப்புழக்க நெருக்கடி'. நாமக்கல் முனையில் பேர் 'சீஸ்'. ஒரே காரியம். ஒரு முனையில் மட்டும் மனுஷன் தெரிகிறான்.

இதனால் நாட்டுப்புறச் சொல் எல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. முகம் தெரிகிற கடனில் அடியும் தெரியும். ரன் வட்டியும் மீட்டர் வட்டியும் இந்த மண்ணின் சொற்கள்தான். 2003ல் தமிழக அரசு கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் போட்டதற்குக் காரணங்கள் இருந்தன. தண்டல்காரன் வாசலில் நிற்பதைவிட பாங்கின் முகமற்ற நோட்டீஸ் எவ்வளவோ மேல் என்று நினைப்பவர்களின் அனுபவத்தை நான் மறுக்க மாட்டேன். நோட்டீஸுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்பதை மட்டும் மறக்கவேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது சொல் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர், சேலம் ஜில்லா எடப்பாடிக்காரர், கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார். 2022 டிசம்பரில் மத்திய நிதி மந்திரி ராஜ்ய சபையில் சொன்ன கணக்குப்படி அதற்கு முந்தின ஐந்து நிதியாண்டுகளில் பாங்குகள் தள்ளுபடி செய்தது சுமார் 10 லட்சம் கோடி. முதலாவது, கடன்காரனை விடுவிப்பது. இரண்டாவது, பாங்கு தன் ஏட்டிலிருந்து எழுதித் தள்ளுவது. கடன்காரன் இன்னும் கடன்காரனே. இங்கிலீஷில் இதற்கு இரண்டு சொல். தமிழில் ஒன்றாகிவிட்டது. மேடையில் பேசுகிறவன் இரண்டையும் ஒன்றாக்கி, கம்பெனிகளுக்குப் பத்து லட்சம் கோடி இனாம் என்கிறான். மந்திரி, அது இனாம் அல்ல, வசூல் தொடர்கிறது என்கிறார். மந்திரி சொல்வது சரி. ஆனால் அவர் கொடுத்த அதே கணக்கில், அந்த ஐந்து வருஷத்தில் எழுதித் தள்ளிய கடன்களிலிருந்து வசூலானது சுமார் 1.32 லட்சம் கோடி. மேடைக்காரனின் பொய்யும் மந்திரியின் நிஜமும் வெகு தூரத்தில் இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைத் தமிழுக்குத் தந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். விவசாயக் கடன் தள்ளுபடிக்குச் சுவரொட்டி உண்டு, படம் உண்டு, தன்மை ஒருமை உண்டு: நான் செய்தேன். பங்கு மூலதனத்தை அழித்ததற்குச் சுவரொட்டி இல்லை. கொடுக்கும்போது செய்வினை, எடுக்கும்போது செயப்பாட்டுவினை. எந்தக் கட்சி ஆட்சியிலும் இந்த இலக்கணம் மாறியதில்லை.

மூன்றாவது சொல் சந்தை. இந்த வசனத்தில் எல்லோரும் 'பட்டு'க் கிடக்க, செய்வினையில் நிமிர்ந்து நிற்பது சந்தை ஒன்றுதான். சந்தை கவலை கொள்கிறது, பதறுகிறது, நம்பிக்கை இழக்கிறது, உற்சாகமடைகிறது. ரஸம், பாவம் எல்லாம் அதற்கு மட்டும். எனக்குத் தெரிந்த சந்தைகள் வேறு. நாமக்கல் பக்கத்தில் புதன்சந்தை என்று ஒரு ஊருக்கே பேர்; மாட்டுக்குப் பேர் போன இடம். அங்கே தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். மறைவுதான், ஆனால் யாருடைய விரல் என்று தெரியும். முட்டைக்கு ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கிறது. அதற்குக் கீழே வியாபாரி கேட்கிற கழிவுக்கு 'மைனஸ்' என்று பேர். கேட்டது யார் என்று கோழிப்பண்ணைக்காரருக்குத் தெரியும். கவலைப்படுகிறவர் அவர், சந்தை அல்ல.

2012ல் பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழி நிறுவனங்கள் விழுந்தபோது கொங்கு நாடு முழுவதும் பணம் போட்டவர்கள் போலீஸ் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். அப்போது பத்திரிகைகளுக்குக் கிடைத்த சொல் பேராசை. மழையை நம்ப முடியாத நிலத்திலிருந்து மாசம் ஒரு தொகை நிச்சயமாக வரும் என்று நம்பினவனுக்குப் பேராசை. கோடிக் கணக்கில் போட்டு எடுத்து, ஒரு பாங்கின் பங்கை ஒரு வாரத்தில் பாதியாக்குகிறவர்களுக்குச் சந்தையின் மனநிலை. சின்னவனுக்கு ஒழுக்கவியல், பெரியவனுக்கு உளவியல். இந்தப் பங்கீட்டை எந்தச் சட்டமும் செய்யவில்லை. வசனம் செய்தது.

5

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

நம் நவீனப் புனைகதையில் வட்டிக்கடைக்காரன் இருக்கிறான். ஜப்தி இருக்கிறது, அடகுக்கடை இருக்கிறது. முகம் உள்ள கடன் வரைக்கும் நம் யதார்த்தவாதம் போயிருக்கிறது. அதைத் தாண்டி, பணம் ஒரு சக்தியாகக் குடும்பத்துக்குள் நுழைந்து உறவுகளைக் கலைப்பதை இந்தச் சமவெளியிலிருந்து எழுதிக்காட்டியவர் பெருமாள்முருகன். ஏறுவெயிலில், குடியிருப்புக் காலனிக்காக நிலம் எடுக்கப்பட்ட ஒரு குடும்பத்தைப் பார்க்கிறோம். நிலம் பணமாக மாறும்போது மனுஷர்கள் என்னவாக மாறுகிறார்கள் என்பது அதன் விஷயம். அந்த நாவலைக் கிராமத்து வாழ்க்கைச் சித்திரம், வட்டார வழக்கு என்று சொல்லிப் பாராட்டி ஒதுக்கி வைத்தவர்கள் அதை அரைகுறையாகத்தான் படித்தார்கள். அது கொள்கையைப் பற்றிய நாவலும்கூட. 1929ல் புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து ராஜாஜி நடத்திய விமோசனம் பத்திரிகையை, அதில் வேலை பார்த்த கல்கியையும் சேர்த்து, பிரசாரம் என்று நாம் ஒரு சொல்லில் தள்ளியதுண்டு. பிரசாரம்தான். ஆனால் கூலி எந்தக் கடையில் எப்படிப் போகிறது என்ற கேள்வி அங்கே இலக்கியத்துக்கு அந்நியமாக இல்லை. பிரசாரத்தைத் தள்ளும்போது கேள்வியையும் தள்ளிவிட்டோம்.

கவிதையில் நிலைமை இன்னும் மோசம். கவிஞர்களான நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும். நம் புதுக்கவிதையின் பெரும் பகுதி பாங்கு அறிக்கையின் இலக்கணத்தில் இருக்கிறது. நான் சிதைக்கப்படுகிறேன், என் இரவுகள் களவாடப்படுகின்றன, என் குரல் நெரிக்கப்படுகிறது என்று எத்தனை கவிதைகள். யாரால்? கவிஞனுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. கர்த்தா இல்லாத வேதனை ஆழமானது என்று ஒரு மயக்கம். ரிஸர்வ் பாங்கின் பத்திரிகைக் குறிப்பும் நம் இருத்தலியல் கவிதையும் ஒரே வினைமுற்றில் முடிவது தற்செயல் என்று எனக்குப் படவில்லை. இரண்டும் ஒரே அலுவலகத் தமிழில், ஒரே மொழிபெயர்ப்புப் பழக்கத்தில் வளர்ந்தவை. நம் பேச்சுத் தமிழில் 'படு' விகுதி அரிது. உடைந்தது, உடைத்தான் என்று இரண்டு வினை வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப எடுப்பதுதான் வழக்கம். தானே நடந்ததையும் ஒருவன் செய்ததையும் பிரித்துச் சொல்லும் இந்த நுட்பத்தை நாம் எழுத்தில் இழந்தோம்.

இதற்கு மார்க்ஸீய நண்பர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். கனமான ஆட்சேபம் அது. நெருக்கடியைத் தனிமனிதன் செய்வதில்லை, அமைப்பு செய்கிறது. கர்த்தாவைத் தேடுவது வில்லனைத் தேடுகிற சினிமாப் புத்தி. ஆகவே செயப்பாட்டுவினையே இங்கு உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பார்கள். ஆர்பத்நாட் விவகாரம் அவர்கள் பக்கம் சாட்சி. ஒருவர் சிறைக்குப் போனார், ஊர் திருப்தி அடைந்தது, முகமும் பேரும் தோல் நிறமும் பார்த்துப் பணம் போடுகிற பழக்கம் அப்படியே நின்றது. ஒரு வில்லன் கிடைத்ததும் கேள்வி நின்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அமைப்பு என்பது மேகம் அல்ல. அது கையெழுத்துகளால் ஆனது. இன்ன தேதியில் இன்ன கமிட்டி இன்ன கம்பெனிக்குக் கடன் கொடுத்தது. இன்ன அதிகாரி பார்த்தும் பேசாமல் இருந்தார். இன்ன மந்திரி சபை ஒப்புக்கொண்டது. இந்தப் பங்கு ஏறும் என்று இன்ன தரகர் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் சொன்னார். இவர்களில் யாரும் தனியாக வில்லன் அல்ல, எல்லோருமே எழுவாய். ஒரே ஒரு எழுவாய் தருகிற வாக்கியம் பொய். எழுவாயே இல்லாத வாக்கியம் அதைவிடப் பெரிய பொய். பல எழுவாய்களை ஒரே வாக்கியத்தில் தாங்கி நிற்கக்கூடிய வசனம் நமக்கு வேண்டும். அதைச் செய்யப் பொருளாதாரக்காரர்களுக்குப் பயிற்சி இல்லை, பத்திரிகைக்காரர்களுக்கு நேரம் இல்லை. நாவலாசிரியனுக்கு அது தொழில்.

பாங்குகள் இனியும் விழும். 2017ல் 27 ஆக இருந்த பொதுத்துறை பாங்குகள் 2020ல் 12 ஆயின. விழவிட முடியாத அளவுக்குப் பெரியவை என்று ரிஸர்வ் பாங்கே ஸ்டேட் பாங்கையும் ஐசிஐசிஐயையும் எச்டிஎஃப்சியையும் தனியாக ஒரு வரிசையில் வைத்திருக்கிறது. அப்படி ஒரு வரிசை இருந்தால், விழவிடக்கூடியவை என்று பேர் வைக்காத இன்னொரு வரிசையும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதில் நம் ஜில்லாக்களின் கூட்டுறவு பாங்குகளும் பைனான்ஸுகளும் சீட்டுக் கம்பெனிகளும் இருக்கின்றன.

நாணயம் என்று நம் பாஷையில் காசுக்கும் பேர், வாக்குத் தவறாமைக்கும் பேர். இந்தச் சமவெளியில் இன்றும் ஒருவனைப் பற்றி 'நாணயமான ஆளு' என்றால் அவனுக்குக் கைமாற்று கிடைக்கும். ஒரே சொல் இரண்டையும் சொல்வது, இரண்டும் ஒன்றாகவே இருந்தன என்பதற்கு அத்தாட்சி அல்ல. ஒன்றாக இருக்கவேண்டும் என்று ஜனங்கள் விரும்பினார்கள் என்பதற்கு அத்தாட்சி. அந்த விருப்பத்தைச் சோதித்துப் பார்க்கிற எழுத்து நம்மிடம் இல்லை.

யாராவது ஒருவர் சேலம் பாங்கைப் பற்றி எழுதட்டும். 1925ல் யார் பணம் போட்டார்கள், செவ்வாய்பேட்டையில் யாருக்குக் கடன் போயிற்று, கதவு சாத்தின அன்று யார் கையெழுத்துப் போட்டார்கள், வாசலில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள். நாவலாக இருக்கட்டும், கட்டுரையாக இருக்கட்டும். 'பட்டது' என்று முடியாத வாக்கியங்களாக இருந்தால் போதும்.